கறுப்பு டி-ஷர்ட்டில் தமிழ் எழுத்து: டிஜிட்டல் பிரின்ட் முதல் தடவை செய்பவர்களுக்கு

சென்னையில் சின்னதாக டி-ஷர்ட் தொழில் தொடங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த மெஷின் வாங்கலாம்?" என்பதுதான். இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். மெஷின் வைத்திருக்கும் கடையில் ஜாப் வொர்க்காகக் கொடுத்து ஒரே ஒரு கறுப்பு டி-ஷர்ட்டை முழுசாக முடித்துப் பாருங்கள். துணி, படம், ப்ரீட்ரீட்மென்ட் (அச்சடிக்கும் முன் துணியில் திரவம் தெளிப்பது), சூடு ஆகிய நான்கும் சரியாக இருந்தால் எந்த மெஷினும் நல்ல பிரின்ட் கொடுக்கும். இதில் ஒன்று சொதப்பினாலும் எவ்வளவு விலை உயர்ந்த மெஷினாலும் காப்பாற்ற முடியாது.

நாம் பேசப்போவது டிடிஜி, அதாவது டைரக்ட் டு கார்மென்ட் முறை. துணி மேலேயே இங்க்ஜெட் நாசில் வழியாக இங்க் தெளிப்பது. இந்தத் துறையில் எப்சன் எஃப்2100, பிரதர் ஜிடிஎக்ஸ் போன்றவை சின்ன யூனிட்டுக்கான மெஷின்கள். பெரிய ஆலைகளுக்கு இஸ்ரேலில் 2002-ல் தொடங்கப்பட்ட கோர்னிட் டிஜிட்டல் போன்ற நிறுவனங்கள் தொழிற்சாலை அளவு மெஷின்கள் செய்கின்றன. கோர்னிட் மெஷின்களில் ப்ரீட்ரீட்மென்ட் திரவத்தை மெஷினே தெளித்துவிட்டு, ஈரம் காயும் முன்பே மேலே இங்க்கை அடித்துவிடும். சின்ன மெஷின்களில் அது தனி வேலை. கடைக்குப் போனதும் "ப்ரீட்ரீட் தனியாகப் பண்றீங்களா, மெஷினுக்குள்ளேயேவா?" என்று கேளுங்கள். தனியாக என்றால் படி 3-ஐ நீங்களே நின்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று. ஒரே டிசைன், ஒரே கலர், 100 பீஸ் என்றால் டிடிஜி வேண்டாம், ஸ்கிரீன் பிரின்டிங்தான் கட்டுப்படியாகும். பல கலர், போட்டோ, ஐந்து பத்து பீஸ் என்றால்தான் இந்த முறை.

படி 1: துணி

100 சதவீதம் காட்டன், 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்), பயோவாஷ் செய்தது. திருப்பூரிலிருந்து நேரடியாக வரவழைக்கலாம். ஒன்றிரண்டு சாம்பிள் போதும் என்றால் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தேடலாம். பயோவாஷ் ஏன் முக்கியம் என்றால், நூலின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை என்சைம் எடுத்துவிடும். பிசிறு இருந்தால், கலருக்கு அடியில் விழும் வெள்ளை இங்க்கைக் கிழித்துக்கொண்டு கறுப்பு முடி முடியாக மேலே தெரியும். துணியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், பஞ்சு போல் தெரிந்தால் வேண்டாம். பாலியஸ்டர் கலந்ததும் வேண்டாம். ஹீட் பிரஸ் (சூடாக அழுத்தும் மெஷின்) சூட்டில் அதன் சாயம் வெள்ளை இங்க்குக்குள் ஏறிவிடும்.

படி 2: படம்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது.

அகலம் 12 அங்குலம் என்றால் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) கணக்கில் 3,600 பிக்சல் வேண்டும். பின்னணி இல்லாத பிஎன்ஜி ஃபைல். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது அமுக்கிச் சின்னதாக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் எடுத்துப் போங்கள்.

கறுப்புத் துணியில் கறுப்பு அச்சடிக்கத் தேவையில்லை. படத்திலிருக்கும் கறுப்பை அழித்துவிட்டால் துணியே அந்த வேலையைச் செய்யும். இங்க்கும் மிச்சம், தொட்டுப் பார்த்தாலும் மெத்தென்று இருக்கும். அதே போல் நிழல், ஒளிவட்டம் மாதிரி பாதி தெரிகிற எஃபெக்ட் எதுவும் வைக்காதீர்கள். அந்த அரைகுறை பிக்சலுக்கு அடியிலும் வெள்ளை விழுந்து, எழுத்தைச் சுற்றி அழுக்கு விளிம்பு போல் நிற்கும்.

இனி தமிழுக்கே உரிய சிக்கல்கள். பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்துவிட்டு ஃபைலை அப்படியே கொடுத்தால், கடைக்காரர் கம்ப்யூட்டரில் அந்த ஃபான்ட் இல்லாதபோது எல்லாம் ஆங்கில எழுத்துகளாகச் சிதறிவிடும். யூனிகோடிலேயே அடித்தாலும் போட்டோஷாப்பில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பை இயக்காவிட்டால் 'கொ', 'கை' எல்லாம் உடைந்து கொம்பு இடம் மாறிப் போகும். எழுத்தை அவுட்லைனாக (ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றி, ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகே கொடுங்கள். டிசைனரை மட்டும் நம்பாதீர்கள். தமிழ் தெரியாதவர் கண்ணுக்கு உடைந்த 'கொ'வும் சரியாகத்தான் தெரியும்.

அப்புறம் புள்ளி. கறுப்புத் துணியில் எந்தக் கலருக்கும் அடியில் முதலில் வெள்ளை ஒரு பூச்சு விழும். அந்த வெள்ளை ஓரத்தில் எட்டிப் பார்க்காமல் இருக்க, சாஃப்ட்வேர் அதைச் சுற்றிலும் சில பிக்சல் சுருக்கும். இதற்குச் சோக் என்று பெயர். 300 டிபிஐ-யில் 1 மில்லிமீட்டர் புள்ளி ஏறக்குறைய 12 பிக்சல்தான். சுற்றிலும் 3 பிக்சல் சுருக்கினால் அடியில் இருக்கும் வெள்ளை 6 பிக்சலாகிவிடும். மேலே விழுகிற கலரின் ஓரம் நேராகக் கறுப்பில் உட்கார்ந்து காணாமல் போகும். 'அப்பா' என்பது 'அபபா' ஆவது இப்படித்தான். அதனால் புள்ளி குறைந்தது 2 மில்லிமீட்டர் இருக்கும்படி எழுத்தைத் தடிமனாகவோ பெரிதாகவோ வையுங்கள். சோக்கை 1 அல்லது 2 பிக்சலோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

படி 3: ப்ரீட்ரீட்மென்ட்

கலம்காரி போடுகிறவர்கள் எழுதத் தொடங்கும் முன் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைப்பார்கள். கடுக்காய் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும், பாலின் கொழுப்பு அது பரவாமல் தடுக்கும். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய துணிகளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததில் இந்த முன்தயாரிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. டிடிஜி-யிலும் தேவை அதேதான், பொருள்தான் வேறு. இந்தத் திரவத்தில் உள்ள உப்பு, வெள்ளை இங்க்கைத் தொட்ட உடனே திரித்து மேலேயே நிறுத்திவிடும். இல்லாவிட்டால் வெள்ளை உள்ளே இறங்கிச் சாம்பல் நிறமாகத்தான் தெரியும்.

முதலில் வெறும் டி-ஷர்ட்டை ஹீட் பிரஸ்ஸில் 5 முதல் 10 விநாடி அழுத்த வேண்டும். சென்னைக் காற்றில் காட்டன் எப்போதும் கொஞ்சம் ஈரம் குடித்துத்தான் இருக்கும், ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். பல கடைகளில் இந்தப் பத்து விநாடியைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். பிறகு திரவத்தைச் சமமாகத் தெளிக்க வேண்டும். எவ்வளவு என்பதை டி-ஷர்ட்டைத் தராசில் வைத்தே தெரிந்துகொள்ளலாம். தெளிக்கும் முன் ஒரு எடை, பின் ஒரு எடை. 12-க்கு 16 அங்குலப் படத்துக்கு 15 முதல் 25 கிராம் வரை ஏறியிருக்கலாம், திரவத்தைப் பொறுத்து மாறும். குறைந்தால் வெள்ளை மங்கும். அதிகமானால் துணி விறைத்து, துவைத்ததும் இங்க் உரிந்து வரும்.

தெளித்ததை ஹீட் பிரஸ்ஸில் நன்றாகக் காயவையுங்கள். மூடியைத் தூக்கும்போது ஆவி வந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம்.

படி 4: பிரின்ட்

பிளாட்டனில் (டி-ஷர்ட் மாட்டும் பலகை) சுருக்கமில்லாமல் மாட்டி, கழுத்துப் பட்டையிலிருந்து மூன்று விரல் கீழே படத்தின் மேல் விளிம்பை வைத்தால் போதும். மற்றதை மெஷின் பார்த்துக்கொள்ளும்.

பட்டனை அழுத்தும் முன் நாசில் செக் (எல்லா நாசிலும் வேலை செய்கிறதா என்று காட்டும் கோடுகள்) அச்சடித்துக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளை இங்க்கில் இருப்பது டைட்டானியம் டையாக்சைடு, கனமான தூள், சும்மா விட்டால் அடியில் தங்கிவிடும். அதனால் வெள்ளைக் கோடுகளில் எங்காவது இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளிக்காற்றில் இவ்வளவு ஈரம் இருந்தும், நாள் முழுக்க ஏசி ஓடுகிற அறையில் காற்று வறண்டு நாசில் அடைத்துக்கொள்ளும். ஈரப்பதம் காட்டும் மீட்டர் ஒன்றைச் சுவரில் மாட்டி, 50 சதவீதத்தை ஒட்டி வைத்திருக்கும் கடை என்றால் தைரியமாக வேலை கொடுக்கலாம்.

படி 5: சூடு

அச்சடித்த இங்க் இன்னும் ஈரம்தான், கை வைக்காதீர்கள். மேலே சிலிகான் பேப்பர் போட்டு 160 முதல் 180 டிகிரி செல்சியஸில், இங்க் கம்பெனி சொல்லியிருக்கும் நேரத்துக்கு அழுத்த வேண்டும். மெஷினைப் பொறுத்து 35 விநாடியிலிருந்து 90 விநாடி வரை போகும். வெள்ளை நிறைய இருந்தால் நேரமும் கூடும். கூட்டம் அதிகமான நாளில் இந்த நேரத்தைக் குறைக்கிற பழக்கம் உண்டு, அப்போது பார்க்க எந்த வித்தியாசமும் தெரியாது.

படத்தைச் சுற்றிச் சதுரமாக ஒரு கறை தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது ப்ரீட்ரீட் திரவம், முதல் துவைப்பிலேயே போய்விடும். லேசான புளித்த வாடையும் அப்படித்தான்.

படி 6: துவைத்துப் பார்ப்பது

ஒரு நாள் விட்டு, டி-ஷர்ட்டை உள்பக்கம் வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் வாஷிங் மெஷினில் போடுங்கள். மொட்டைமாடி வெயிலிலும் திருப்பியபடியே காயட்டும். இதையே ஐந்து தடவை செய்துவிட்டு, அச்சடித்த இடத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். வெள்ளையில் வெடிப்பு விழுந்தால் சூடு போதவில்லை. எல்லா இடமும் ஒரே மாதிரி மங்கியிருந்தால் ப்ரீட்ரீட் குறைவு. ஒரு பக்கம் மட்டும் மங்கினால் தெளித்தது சமமில்லை. புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். எல்லாம் சரியென்றால் அந்த டி-ஷர்ட்டின் ஜிஎஸ்எம், திரவத்தின் கிராம், சூடு, விநாடி நான்கையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்த ஆர்டர் கொடுக்கும்போது கடைக்காரரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்று சொல்லுங்கள்.