வன்னியில் ஒரு வீட்டுக்குக் கிணறு: கிரிப்டோவில் காசு சேர்ப்பவர்களுக்கு

வெளிநாட்டில் இருந்து கிரிப்டோவில், அதாவது பிட்கொயின் போன்ற இணைய நாணயங்களில், நன்கொடை சேர்த்து இலங்கையின் வடக்கே வன்னியில் ஒரு குடும்பத்துக்குக் கிணறு வெட்டிக் கொடுக்க நினைப்பவருக்கு இது. ஆவணியிலும் புரட்டாதியிலும் வன்னிக் கிணறுகளில் தண்ணீர் அடியில் கிடக்கும். கிணறு வெட்ட அதுதான் காலம். தை மாதத்தில் எட்டடியில் தண்ணீரைக் கண்டு நிறுத்திய கிணறு ஆடியில் வற்றிவிடும். ஐப்பசியில் மாரி தொடங்கினால் குழி இடியும், ஆட்கள் இறங்க முடியாது. ஆகவே ஆடி முடிவதற்குள் காசு ரூபாயாக வங்கியில் இருக்க வேண்டும்; சேர்ப்பதைச் சித்திரையில் தொடங்க வேண்டும். பிட்கொயினா வேறு நாணயமா என்ற பேச்சு அதற்குப் பிறகுதான்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

குடிக்க, சமைக்க, கழுவ ஒருவருக்கு நாளுக்குக் குறைந்தது 15 லீற்றர் வேண்டும். அது இடர்காலத்து அளவு. ஓரளவு நிம்மதியாக வாழ 50 லீற்றராவது தேவை. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 250 லீற்றர். வீட்டுத்தோட்டமும் மாடும் இருந்தால் அதைத் தனியாகக் கணக்கிடுங்கள்.

பக்கத்துக் காணிகளில் உள்ள மூன்று கிணறுகளையாவது பாருங்கள். கோடையில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, எத்தனையாவது அடியில் பாறை வந்தது, தண்ணீர் சவரா (உப்புத் தண்ணியா) நல்ல தண்ணியா என்று அந்த வீட்டுக்காரரிடம் கேளுங்கள். பிறகு ஒரு போத்தல் தண்ணீரை தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்துக்குக் கொடுத்துச் சோதியுங்கள். இலங்கைக் குடிநீர்த் தரத்தின்படி ஒரு லீற்றரில் புளோரைட்டு 1 மில்லிகிராமுக்கும், நைத்திரேற்று 50க்கும், குளோரைட்டு 250க்கும், வன்மை (தண்ணீரின் கடினத்தன்மை) 250க்கும் மேல் போகக் கூடாது. வவுனியாப் பக்கத்துக் கடும்பாறை நிலத்தில் புளோரைட்டும் வன்மையும் தொல்லை. பூநகரிக் கரையோரத்தில் சவர். புளோரைட்டு கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் ஆவியாக, மிஞ்சியதில் அதன் செறிவு கூடும்.

சோதனை சரிவராவிட்டால் குடிநீருக்காகக் கிணறு வெட்டும் எண்ணத்தை விடுங்கள். பாறையில் இருந்து கரையும் புளோரைட்டுக்கு ஆழம் பரிகாரம் அல்ல. கரையோரத்தில் ஆழம் போகப் போகச் சவர் கூடும். அங்கே மழைநீர்த் தாங்கிதான் வழி. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். 40 சதுர மீற்றர் கூரைக்கு 250 மில்லிமீற்றர் மழை போதும். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 8,000 லீற்றர்த் தாங்கி நிறையும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நாளுக்கு 25 லீற்றர் எடுத்தால் அது 320 நாள் வரும். முதல் மழையைக் கூரை கழுவ விட்டு, பிறகே தாங்கிக்குத் திருப்ப வேண்டும்.

காணி

காணி யாருடைய பெயரில் இருக்கிறது என்பதற்கு உறுதிப்பத்திரமோ அனுமதிப்பத்திரமோ பார்க்காமல் ஒரு சதமும் கேட்காதீர்கள். உறவினர் காணியில் வெட்டிய கிணறு, மனத்தாங்கல் வந்த அன்றே பறிபோகும். கிராம அலுவலரிடம் எழுத்தில் உறுதிப்படுத்துங்கள். கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட காணியா என்பதையும் அவரிடமும் பிரதேச செயலகத்திலும் கேளுங்கள். மேல்மண்ணில் பயிர் செய்கிறார்கள் என்பது ஆழத் தோண்டுவதற்குச் சான்று ஆகாது.

மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 50 அடி விடுங்கள். மணலிலும் சுண்ணாம்புக் கல்லிலும் 100 அடி. கிணறு மேட்டுப்பக்கம் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குழியையும் அளக்க வேண்டும். அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இவை முடிந்ததும் மூன்று பேரிடம் எழுத்தில் விலை வாங்குங்கள். தோண்டும் கூலி எத்தனை அடிவரை, பாறை வந்தால் அடிக்கு எவ்வளவு, உட்சுவருக்குக் கொங்கிறீற் வளையமோ கட்டோ, மேற்கட்டு, கிணற்றடிக் கொங்கிறீற், பம்ப், குழாய், தாங்கி, நீர்ச் சோதனை என ஒவ்வொன்றும் தனி வரியாக இருக்கட்டும். மொத்தத்தில் 15 வீதம் கூட்டுங்கள். அது பாறைக்கு.

நாணயமும் வலையமைப்பும்

பிட்கொயின் 2022 தொடக்கத்தில் ஏறக்குறைய 46,000 டொலர். அந்த வருட முடிவில் 17,000க்கும் கீழ். பத்து வளையத்துக்குச் சேர்த்த காசில் நாலு வளையமும் வந்திராது. விலை ஏறட்டும் என்று காத்திருப்பது அந்தக் குடும்பத்தின் தண்ணீரை வைத்துச் சூதாடுவது. டொலரோடு கட்டிய நாணயங்களான யூஎஸ்டிரி அல்லது யூஎஸ்டிசியில் கேளுங்கள். பிட்கொயினாக வந்தால் வந்த வாரத்திலேயே மாற்றிவிடுங்கள்.

ஒரே யூஎஸ்டிரி ட்ரொன், எதீரியம் எனப் பல வலையமைப்புகளில் ஓடுகிறது. ட்ரொனில் காசு பெறும் முகவரி ஆங்கில ‘ரி’ எழுத்தில் தொடங்கும். எதீரியம் முகவரி பூச்சியமும் எக்ஸும் சேர்ந்து தொடங்கும். முகவரியோடு வலையமைப்பின் பெயரையும் சேர்த்து எழுதாவிட்டால் யாராவது தவறான வலையமைப்பில் அனுப்புவார். அந்தக் காசை மீட்பது கடினம், பல வேளை முடியாது. ட்ரொனில் வைத்திருந்தால் கட்டணத்துக்கு அதன் சொந்த நாணயமான ரிஆர்எக்ஸும் சிறிது வேண்டும்; இல்லையென்றால் யூஎஸ்டிரி அசையாது.

இந்த வேலைக்கென்றே புது முகவரி திறவுங்கள். சொந்தக் காசு அதில் கலக்கக் கூடாது. மூன்று பேரில் இருவர் கையொப்பமிட்டால்தான் காசு நகரும் வகையான வொலட் (நாணயத்தை வைத்திருக்கும் செயலி) நல்லது: ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் ஊரில், ஒருவர் இருவருக்கும் பொதுவானவர். வொலட்டைத் திரும்பத் திறக்கும் மீட்புச் சொற்கள் 12 அல்லது 24 இருக்கும். அவற்றைத் தாளில் எழுதி வையுங்கள். படம் பிடிக்காதீர்கள், வட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அவற்றைக் கேட்டு வருபவர், எந்த உதவிப் பிரிவின் பெயரில் வந்தாலும், திருடர்.

பிரதி எடுத்து ஒட்டும்போது முகவரியை மாற்றிவிடும் தீநிரல்கள் உண்டு. முன்னும் பின்னும் நாலு எழுத்துப் போதாது, நடுவிலும் பாருங்கள். பெரிய தொகைக்கு முன் சிறு தொகை அனுப்பிப் பாருங்கள்.

காசு கேட்டுப் போடும் பதிவில் குடும்பத்தின் முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், பிள்ளைகளின் முகம் வேண்டாம். ‘கிளிநொச்சி மாவட்டம், ஐந்து பேர், தாய் தலைமையில்’ என்பது போதும். அதையும் அவர்களுக்கு வாசித்துக் காட்டிச் சம்மதம் பெறுங்கள். தண்ணீர் கேட்பவருக்கும் மானம் உண்டு.

காசை ஊருக்குக் கொண்டுவருவது

இலங்கை மத்திய வங்கி 2018 இலிருந்தே கிரிப்டோ பற்றிப் பொதுமக்களை எச்சரித்து வருகிறது. அது நாட்டின் சட்டபூர்வ நாணயம் அல்ல. வங்கி அட்டையால் அதை வாங்க அனுமதியில்லை என்று மத்திய வங்கி 2021இல் தெளிவாகச் சொன்னது. ஆகவே நாணயத்தை ஊருக்கு அனுப்பி அங்கே விற்க வைக்காதீர்கள். முகம் தெரியாதவருக்கு நேரடியாக விற்றால், உங்கள் கணக்குக்கு வரும் ரூபாய் வேறொருவரிடம் திருடியதாக இருக்கலாம். கணக்கு முடக்கப்படும், விசாரணை அந்தக் குடும்பத்தின் வாசலுக்கு வரும்.

சேர்ப்பவர் வாழும் நாட்டில், அங்கே பதிவான கிரிப்டோப் பரிமாற்றகத்தில் (நாணயம் வாங்கி விற்கும் நிறுவனத்தில்) விற்று, தன் வங்கிக்கு எடுத்து, வங்கி வழியாக அனுப்புவதே ஒழுங்கான வழி. பெரிய பிரித்தானியாவிலும் கனடாவிலும் கிரிப்டோ விற்பனை வரிக்குரிய நிகழ்வு. பெற்ற அன்றும் விற்ற அன்றும் இருந்த விலையை எழுதி வையுங்கள். அன்றன்றே விற்றால் இலாபமும் இராது. வங்கிக்கு வெளியே ஆள்மூலம் காசு அனுப்பும் உண்டியலில் அனுப்பினால் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கலாம்; ஆனால் பற்றுச்சீட்டு இராது, கொடுத்தவருக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சாது.

முழுத் தொகையையும் முற்பணமாகக் கொடுக்கவே வேண்டாம். தோண்டத் தொடங்க 30 வீதம், தண்ணீர் வந்து கட்டு எழுந்ததும் 40, பம்பும் தாங்கியும் ஓடியதும் 20, நீர்ச் சோதனைக்குப் பின் மிச்சம் 10. குடும்பத்தில் ஒருவரும் மேசனும் நிற்க, அளவுநாடாவோடு படம் எடுத்த பின்பே அடுத்த தவணை.

வெட்டிய பின்

தண்ணீர் இறைத்துக்கொண்டே ஆழப்படுத்த வேண்டியிருக்கும். மண்ணெண்ணெய், டீசல் பம்பை ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். அதன் புகையில் உள்ள காபனோரொட்சைட்டு வாயு மணம் தெரியாமலே ஆளைக் கொல்லும். காப்பாற்ற இறங்குபவரும் சாவார்.

ஊற்றை அளக்க எளிய வழி: 10 அடி விட்டக் கிணற்றில் ஒரு அடித் தண்ணீர் ஏறக்குறைய 2,200 லீற்றர். இறைத்து நிறுத்தி ஒரு மணித்தியாலத்தில் எத்தனை அங்குலம் ஊறுகிறது என்று பாருங்கள். ஓரங்குலம் என்றால் 180 லீற்றர். ஐந்து பேர் வீட்டுக்கு அது தாராளம்.

தரையில் வைக்கும் பம்ப் 25 அடிக்குக் கீழிருந்து உறிஞ்சாது. கோடையில் மட்டம் அதற்குக் கீழே போகுமென்றால் தண்ணீருக்குள் அமிழ்த்தும் பம்ப் வாங்குங்கள். 1,000 லீற்றர்த் தாங்கி நிறைந்தால் ஒரு தொன். அத்திவாரமில்லாத தூணில் வைத்தால் சரியும். மேற்கட்டு மூன்றடி உயரமாவது வேண்டும். கிணற்றடியை நான்கடி அகலத்துக்கு வெளிச்சாய்வாகக் கொங்கிறீற் போட்டு, கழிவுநீரை வாய்க்கால் வழியாக வாழைக்கு விடுங்கள். மின்சாரம் நின்ற நாளுக்குக் கப்பியும் வாளியும் இருக்கட்டும்.

பிறகு குளோரின். 10,000 லீற்றருக்கு 33 வீதக் குளோரின் தூள் ஒன்றரைக் கிலோ. வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்ததைக் கிணற்றில் ஊற்றி, 12 மணித்தியாலமாவது விடுங்கள், குடிக்கக் கூடாது. மணம் போகும்வரை இறைத்து, சில நாள் கழித்துச் சோதனைக்குக் கொடுங்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வுகூடம் தரும் போத்தலை ஐஸ்பெட்டியில் வைத்து அன்றே சேர்ப்பியுங்கள். 100 மில்லிலீற்றரில் ஈ.கோலை ஒன்றும் இருக்கக் கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இதில் வழிகாட்டுவார்.

கணக்கை ஒரே பட்டியலில் வெளியிடுங்கள்: நாணயம் வந்த திகதியும் பரிவர்த்தனை எண்ணும், விற்ற விலை, கட்டணம், வங்கியில் விழுந்த ரூபாய், எந்தப் பற்றுச்சீட்டுக்குப் போனது. நாணயத்தின் பொதுப் பதிவேடான சங்கிலியில் காசு வந்தது எல்லோருக்கும் தெரியும்; அது சீமெந்தாக மாறியதைப் பட்டியல்தான் காட்டும். பற்றுச்சீட்டில் பெயரையும் விலாசத்தையும் மறைத்து விடுங்கள். மிஞ்சியதைத் திருப்பாமல் புட்வால்வுக்கும் (உறிஞ்சு குழாயின் அடி வால்வு) பம்ப் திருத்தத்துக்கும் குடும்பத்தின் சேமிப்புக் கணக்கில் வைக்கலாம். கொடுத்தவர்களுக்கு முன்கூட்டியே அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த வருட ஆவணியில் கயிற்றில் கல் கட்டி விட்டு, எத்தனை அடித் தண்ணீர் நிற்கிறது என்று அளந்து, அதே பட்டியலின் கடைசி வரியில் எழுதுங்கள்.