பாதி எழுதின நோட்டுதான் கை கொடுத்துச்சு
ரெண்டு வருஷமா எனக்கு ஒரே பிரச்சனை, நல்ல காலிகோ பைண்டிங் (துணி ஒட்டின கெட்டி அட்டை) நோட்டா வாங்கிட்டு, முதல் பக்கத்துலயே கிறுக்கல் விழுந்துடுமோன்னு பயந்து கதையே எழுதாம மூடி வெச்சிடுவேன். இப்ப ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நோட்டுன்னு பிரிச்சுட்டேன். சட்டைப்பைக்கு பால்கணக்கு எழுதுற குட்டி நோட்டு, பஸ்ல காதுல விழுற பேச்சு, கடை போர்டு எல்லாம் அதுல, ஜெல் பேனா வேர்வையில கலைஞ்சிடுது அதனால பால்பாயிண்ட் மட்டும்தான். முதல் டிராஃப்ட்டுக்கு பையன் பாதியில விட்ட 192 பக்க ரூல்டு நோட்டு, ஏற்கனவே அழுக்கானதுதானே, கை கூசல. வலது பக்கம் மட்டும் எழுதி இடது பக்கத்த திருத்தத்துக்கு விட்டுடறேன். கதையில யாருக்கு யார் என்ன உறவுன்னு படமா வரைஞ்சு பாக்க ஒரு அன்ரூல்டு, அதாவது கோடில்லாத நோட்டு. ஞாயித்துக்கிழமை குட்டி நோட்டப் புரட்டி தேறினத மட்டும் பெருசுக்கு மாத்துவேன், அது தவறுனா மொத்த ஏற்பாடும் வேஸ்ட். காலிகோ நோட்டுல வீட்ல மளிகைக்கணக்கு ஓடுது.