எத்தனை மணி நேரப் பயணம்? டிக்கெட்டைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்

வெளிநாட்டில் வந்து இறங்கிய கொஞ்ச நாளிலேயே அம்மா அப்பாவை அழைத்து வரவோ, வேறு ஊரில் ஒரு இன்டர்வியூவுக்குப் போகவோ வேண்டிவரும், உடனே எவ்வளவு தூரம், பிளைட்டில் எத்தனை மணி நேரம் என்று கூகுளில் தட்டுவீர்கள். வருகிற கிலோமீட்டரை 900ஆல் வகுத்துப் பார்க்கிற ஆள்தான் நானும். பயணிகள் விமானம் மேலே ஏறிய பிறகு மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும், அதனால் கணக்கில் பெரிய தப்பில்லை. ஆனால் அந்த விடையை வைத்து யாரையும் ஏர்போர்ட்டுக்கு வரச் சொல்லிவிடாதீர்கள்.

கூகுள் காட்டுவது பெரும்பாலும் உருண்டையான பூமியின் மேல் நூல் பிடித்த மாதிரியான மிகக் குறுகிய தூரம். விமானம் அப்படியே போகாது. 2022இல் ரஷ்ய வான்வழி அடைபட்ட பிறகு, முன்பு ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமாகிவிட்டது. ஊர்கள் நகரவில்லை, பாதைதான் சுற்றிப் போகிறது. அப்புறம் காற்று. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்று வீசுவதால் லண்டனிலிருந்து நியூயார்க் போக எட்டு மணி நேரம் என்றால் திரும்பி வர ஏழுதான். 2020 பிப்ரவரியில் புயல் காற்று பின்னாலிருந்து தள்ள, ஒரு விமானம் 4 மணி 56 நிமிடத்தில் நியூயார்க்கிலிருந்து லண்டன் வந்து சேர்ந்தது!

டிக்கெட்டில் இருக்கும் நேரங்கள் அந்தந்த ஊர் நேரம். இரவு 10:00க்குக் கிளம்பி மறுநாள் காலை 6:00க்கு இறங்குகிறது என்றால் எட்டு மணி நேரம் என்று நினைக்காதீர்கள். இறங்கும் ஊர் நான்கு மணி நேரம் பின்னால் இருந்தால் பயணம் 12 மணி நேரம். இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் +1 இருந்தால் மறுநாள் என்று அர்த்தம், அதைக் கவனிக்காமல் ஆளை அழைத்து வர ஒரு நாள் முன்னதாகவே போய் நின்றவர்கள் உண்டு. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பெரும்பாலான இடங்களில் கடிகாரத்தை வருடத்துக்கு இருமுறை மாற்றுவார்கள், நேர வித்தியாசத்தை மனப்பாடம் செய்து வைத்துப் பயனில்லை.

நான் மாட்டிக்கொண்டது வேறொன்றில். டிக்கெட்டில் 15ஆம் தேதி 00:40 என்று இருந்தது. 15ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்குப் பெட்டி படுக்கையோடு போய் நின்றேன். கவுன்டரில் இருந்த பெண் டிக்கெட்டை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, “இது இன்று அதிகாலையே போய்விட்டதே” என்றார். புது டிக்கெட்தான் வாங்க வேண்டியதாயிற்று. 00:40 என்றால் 14ஆம் தேதி இரவே கிளம்ப வேண்டும், சரியா?

நடுவில் மாறிப் போவதென்றால் எல்லாம் ஒரே புக்கிங்கில் இருக்கட்டும். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் பொதுவாக விமான நிறுவனத்தாரே வேறு விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். மலிவாக இருக்கிறதே என்று தனித்தனியாக வாங்கினால் அந்தத் தலைவலி உங்களுடையது. அமெரிக்காவுக்குள் நுழைந்து அங்கேயே இன்னொரு விமானம் பிடிப்பதென்றால், வழக்கமாக முதலில் இறங்கும் ஊரிலேயே இமிக்ரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி போட வேண்டும். வயதானவர்கள் வருகிறார்கள் என்றால் அங்கே ஒன்றரை மணி நேர இடைவெளி போதாது, மூன்று மணி நேரமாவது விடுங்கள். அழைத்துப் போக வருகிறவருக்கு விமான எண்ணை அனுப்பிவிட்டால் அவரே போனில் பார்த்துக்கொள்வார், விமானம் தரை இறங்கிய பிறகு வீட்டிலிருந்து கிளம்பினாலும் பல நேரம் சரியாக இருக்கும்.