பீச்சுக்குப் போகும்போது ஒரு கதை

கடலூர் சில்வர் பீச்சுக்குப் பிள்ளைகளோடு போகிறீர்களா? போன் கேட்டு அடம்பிடித்தால், பக்கத்தில் இருக்கும் இடத்தையே கதையாக்குங்கள். தேவனாம்பட்டினம் கோட்டையை 1690-ல் ஆங்கிலேயக் கம்பெனி மராட்டியரிடம் வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள ஊர்களும் சேர்த்தி என்று பேச்சு. நாலா பக்கமும் சுட்டார்கள். அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பேர் வந்தது.

இதை ஒரே மூச்சில் சொல்லிவிடாதீர்கள், அதுதான் முக்கியம். "குண்டு பறந்துச்சு..." என்று நிறுத்தி, சுண்டலை நீட்டி, "எங்க விழுந்திருக்கும், சொல்லு?" என்று கேளுங்கள். என் பையன் எழுந்து மணலில் கோடு கிழித்து, கடைசியில் எங்கள் தெருவிலேயே குண்டைப் போட்டான். மறுநாள் ஆயாவுக்கு அவனே அந்தக் கதையைச் சொன்னான், இன்னும் ரெண்டு பீரங்கி சேர்த்து.