யூத சமூக மையத்துக்கு முதன்முறை செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்க நகரம் ஒன்றில் புதிதாகக் குடியேறும் குடும்பங்கள், அருகிலுள்ள கட்டடத்தில் 'யூத சமூக மையம்' என்ற பெயர்ப்பலகையைக் கண்டதும், அது தங்களுக்கான இடமல்ல என்று எண்ணிக் கடந்துபோய்விடுவதுண்டு. அது தொழுகைக்கூடம் அன்று. நீச்சல்குளம், உடற்பயிற்சிக்கூடம், மழலையர் பள்ளி, முதியோருக்கான வகுப்புகள், கோடைக்கால முகாம், அரங்கம் ஆகியவை ஒரே கூரையின்கீழ் இயங்கும் இடம் அது. பெரும்பாலான மையங்களில் எம்மதத்தவரும் உறுப்பினராகலாம்.

பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகரில், ஸ்குவிரல் ஹில் பகுதியில், ஃபோர்ப்ஸ், மர்ரி சாலைகள் கூடும் முனையில் உள்ள மையத்தை எடுத்துக்கொள்வோம். அதன் வெளிச்சுவரில் உள்ள கடிகாரத்தில் எண்களுக்குப் பதிலாக எபிரேய எழுத்துகள் இருக்கும். அலெஃப் என்றால் ஒன்று, பேத் என்றால் இரண்டு. க என்று எழுதி ஒன்றையும் உ என்று எழுதி இரண்டையும் குறித்த நமக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றாது. இம்மையத்தின் வேர்களில் ஒன்று, 1895இல் அந்நகரின் ஹில் மாவட்டத்தில் யூதப் பெண்கள் புலம்பெயர்ந்தோருக்காகத் தொடங்கிய சிறு பள்ளி. பின்னர் அது ஐரீன் காஃப்மன் என்ற பெண்ணின் பெயரைத் தாங்கிய, புதிதாக வந்தோருக்குக் கல்வியும் உதவியும் தரும் சமூக இல்லமாக வளர்ந்தது. வந்திறங்கியவர்களை ஊரோடு சேர்த்துவைப்பதே தொடக்கத்திலிருந்து இத்தகைய இடங்களின் வேலையாக இருந்திருக்கிறது என்பதால், புதிதாக வந்தவர் தயங்கி நிற்க வேண்டியதில்லை.

முதன்முறை செல்லும்போது வார நாளில், காலைக் கூட்டம் குறைந்த பிறகு சென்று, வரவேற்பு மேசையில் மையத்தைச் சுற்றிக்காட்டும்படி கேளுங்கள். புகைப்பட அடையாள அட்டை கையில் இருக்கட்டும். வாசலில் காவலர் நிற்கலாம், பையைத் திறந்து காட்டச் சொல்லலாம், கதவு உள்ளிருந்து மட்டுமே திறக்கும்படி இருக்கலாம். இதை உங்கள்மீதான சந்தேகமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2014 ஏப்ரலில் கான்சஸ் மாநிலத்தின் ஓவர்லேண்ட் பார்க்கில், யூத சமூக மையத்திலும் அருகிலிருந்த யூத முதியோர் இல்லத்திலும் யூத வெறுப்பாளன் ஒருவன் மூவரைச் சுட்டுக்கொன்றான். இறந்தவர்களில் ஒருவர்கூட யூதர் அல்லர். பாட்டுப் போட்டித் தேர்வுக்காகத் தாத்தாவுடன் வந்திருந்த 14 வயதுச் சிறுவனும் அவர்களில் ஒருவன். அங்கே யாரெல்லாம் வந்துபோகிறார்கள் என்பதும், அந்தக் கதவு யாரையெல்லாம் காக்கிறது என்பதும் அந்த ஒரு நாளில் தெரிந்துவிட்டன.

கட்டணம் அதிகமாகத் தெரிந்தால் அத்தோடு திரும்பிவிடாதீர்கள். வருமானத்துக்கு ஏற்ற கட்டணச் சலுகை பெரும்பாலான மையங்களில் உண்டு. அதற்கெனத் தனி விண்ணப்பம் இருக்கும். உறுப்பினராகாமலே சேரக்கூடிய வகுப்புகள் எவை என்றும் கேளுங்கள். ஊரிலிருந்து வந்து சில மாதங்கள் தங்கும் பெற்றோருக்கு விருந்தினர் சீட்டு கிடைக்குமா என்று கேட்பது மிக முக்கியம் என்பேன். பகல் முழுவதும் வீட்டுக்குள் அடைபட்டிருக்கும் முதியவர்களுக்கு, தண்ணீருக்குள் நின்று செய்யும் உடற்பயிற்சி வகுப்பும் அதன்பின் நடக்கும் பேச்சும் பெரிய ஆறுதல்.

மழலையர் பள்ளியில் இடம் வேண்டுமானால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். வெள்ளிக்கிழமைகளில் குழந்தைகள் ஓய்வுநாளான ஷப்பாத்தை வரவேற்பார்கள்: மேசையில் மெழுகுவர்த்திகள், சிறு குவளைகளில் திராட்சைச் சாறு, துணியால் மூடிய ஹல்லா ரொட்டி. துணியை விலக்கினால், இறுக்கப் பின்னிய சடை போலப் புரிபுரியாக முறுக்கி, மேலே முட்டை பூசிச் சுட்ட அந்த ரொட்டி பளபளக்கும். உங்கள் குழந்தை அன்று ஓர் எபிரேயப் பாட்டோடு வீடு திரும்பலாம். இது உங்களுக்கு ஏற்புடையதா என்பதைச் சேர்ப்பதற்கு முன்பே ஆசிரியரிடம் மனம்விட்டுப் பேசி முடிவு செய்வதுதான் இரு தரப்புக்கும் நியாயம்.

நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது உணவு விஷயத்தில்தான். கோஷர் என்னும் உணவு விதிகளின்படி பன்றியும் இறாலும் விலக்கு, இறைச்சியும் பாலும் ஒன்றாகச் சேரக் கூடாது என்பதைப் பலரும் அறிவர். ஆனால் சமைத்த பாத்திரமும் அடுப்பும்கூட அந்த விதிக்கு உட்பட்டவை என்பதை அறியாமல், சைவம்தானே என்று பிறந்தநாளுக்குக் கேசரி கிண்டி எடுத்துச் செல்கிறோம். அதை ஏற்க முடியாமல் ஆசிரியரும் சங்கடப்படுவார், குழந்தையும் வாடிவிடும். எதைக் கொண்டுவரலாம் என்று முன்கூட்டியே கேளுங்கள். நறுக்காத முழுப் பழங்களும், வட்டத்துக்குள் ஆங்கில 'யு' எழுத்து போன்ற கோஷர் முத்திரையுள்ள பிரிக்காத பொட்டலங்களும் பொதுவாகச் சிக்கல் தராதவை. கொட்டைப் பருப்புகளுக்குத் தனித் தடை உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

யூத நாள்காட்டியில் நாள் சூரிய அஸ்தமனத்தில் தொடங்குவதால், பண்டிகைக்கு முந்தைய மாலையே மையத்தை மூடக்கூடும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் வரும் யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா, பாவமன்னிப்பு வேண்டி நோன்பிருக்கும் யோம் கிப்பூர் ஆகிய நாள்களையும், ஓய்வுநாளான சனிக்கிழமையின் நேரங்களையும் முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

சில மாதங்கள் பழகிய பிறகு, தன்னார்வப் பணிக்குப் பொறுப்பானவரைச் சந்தித்து, வாரத்தில் உங்களால் தரமுடிந்த நேரத்தைச் சொல்லிவையுங்கள். 2018 அக்டோபர் 27 அன்று ஸ்குவிரல் ஹில்லின் 'ட்ரீ ஆஃப் லைஃப்' தொழுகைக்கூடத்தில் 11 பேர் சுட்டுக்கொல்லப்பட்டபோது, உறவினர்களைப் பற்றிய செய்திக்காகக் குடும்பங்கள் காத்திருந்தது எபிரேயக் கடிகாரம் உள்ள அந்த மையத்தில்தான். அத்தகைய துயரம் உங்கள் பகுதிக்கு நேர்ந்தால், பூங்கொத்தோடு வாசலில் கூட்டம் சேர்ப்பதைவிட, முதலில் தொலைபேசியில் அழைத்து, என்ன தேவை என்று கேளுங்கள். ஏற்கெனவே முகம் தெரிந்தவராக நீங்கள் இருந்தால், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவோ, யாரையேனும் காரில் அழைத்துவரவோ உங்களிடம் உரிமையோடு கேட்பார்கள்.