வாசிகசாலைப் பூச்சாடிகளில் வெண்மூட்டுப்பூச்சி வந்தால்

வீட்டுச் சாடியைக் கவனிக்க ஒருவர் இருப்பார். வாசிகசாலை விறாந்தையில் நிற்கும் சாடிக்கோ வருகிறவர்கள் எல்லோரும் தண்ணீர் ஊற்றுவார்கள். இலையைத் திருப்பிப் பார்க்க ஒருவரும் இரார். மட்டக்களப்பு எழுவான்கரையிலுள்ள எங்கள் கிராமத்து வாசிகசாலையில், குரோட்டன் செடியில், சாற்றை உறிஞ்சும் வெண்மூட்டுப்பூச்சியைக் கண்ட மூவர், ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஒரே நாளில் சவர்க்கார நீர் விசிறியதில், இலைகள் கருகின, பூச்சி எஞ்சியது. அன்றிலிருந்து சாடிகளுக்கு அருகில் ஒரு கொப்பி தொங்குகிறது. எந்தச் சாடிக்கு, என்று, எதை, யார் விசிறினார் என்பதை எழுதாமல் எவரும் மருந்தைத் தொடுவதில்லை.

செடியில் எறும்பு ஏறுவதைக் கண்டால், அது தேடிப் போகும் இனிப்புக் கழிவைச் சுரக்கும் பூச்சி மேலே இருக்கிறதா என்று பாருங்கள். இலைக்காம்பின் இடுக்கில் பஞ்சுபோல ஒட்டியிருப்பது வெண்மூட்டுப்பூச்சி. கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் இலை வெளிறிப் புள்ளி விழுந்தால், வெள்ளைத்தாளின் மேல் இலையைத் தட்டுங்கள். விழும் துகள்கள் ஊர்ந்தால் அவை சிற்றுண்ணிகள். இலைநுனி மட்டும் காய்ந்திருந்தால், மருந்தைத் தேடுமுன் கிணற்று நீர் உவர்க்கிறதா என்று பாருங்கள்.

பூச்சி கண்ட சாடியை உடனே மற்றவற்றிலிருந்து விலக்கிக் கிணற்றடி நிழலில் வைத்து, மோசமான கிளைகளை வெட்டி, இலைகளின் அடிப்புறத்தை நீர் பாய்ச்சிக் கழுவுங்கள். எஞ்சிய பூச்சிகளை, பாமசியில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சினால் ஒற்றி எடுக்கலாம். பின்னர் ஒரு லீற்றர் நீரில் 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயும் சில துளி பாத்திரம் கழுவும் திரவமும் கலந்து, ஓர் இலையில் மட்டும் விசிறி இரண்டு நாள் பார்த்து, இலை கருகாவிட்டால் மாலையில் செடி முழுவதற்கும் விசிறுங்கள். பன்னங்கள் இதைத் தாங்கா. அவற்றுக்கு நீரே போதும். வெண்மூட்டுப்பூச்சியின் பஞ்சுபோன்ற பைக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான முட்டைகளை மருந்து எளிதில் எட்டாது. பொரித்து வரும் குஞ்சுகளைப் பிடிப்பதற்காக, 7 நாளுக்கு ஒரு தடவையாக நான்கு வாரம் விசிற வேண்டும். முதல் வாரத்திலேயே பூச்சி போய்விட்டது என்று நிறுத்துவதுதான் பொதுவிடங்களில் மிக அதிகமாக நடக்கும் தவறு.

வயலுக்கு வாங்கி மிஞ்சிய பூச்சிகொல்லியை ஒருபோதும் கொண்டுவராதீர்கள். பிள்ளைகள் மணிக்கணக்கில் அமர்ந்து வாசிக்கும் இடம் அது. எறும்பைத் தடுக்க, சாடி வைத்திருக்கும் மேசையின் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டையில் நிறுத்துவதும் வேண்டாம். டெங்கு நுளம்பு அதில் முட்டையிடும். மேசைக் காலில் கிறீஸ் பூசினால் போதும்.

அன்பளிப்பாக வரும் புதிய சாடியை மூன்று வாரம் தனியே வைத்திருந்து, பின்னரே மற்றவற்றோடு சேருங்கள். கொடுத்தவர் மனம் நோகாதபடி, எல்லாச் சாடிக்கும் இதுவே வழக்கம் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

நான்கு வாரத்தின் பின்னும் பூச்சி குறையாவிட்டால், செடியைச் சாடியிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள். வேரிலும் வெண்மை படர்ந்திருந்தால் அந்தச் செடியைக் கைவிடுவதே நல்லது. அதை வேலியோரத்தில் எறிந்துவிடாதீர்கள். 2008இல் இலங்கையில் கண்டறியப்பட்ட பப்பாசி வெண்மூட்டுப்பூச்சி, செவ்வரத்தை போன்ற அழகுச் செடிகளிலும் வாழக்கூடியது; வேலியோரத்தில் விழுந்த ஒரு கிளை அயல்வீட்டுப் பப்பாசிக்கும் அதைக் கொண்டுசேர்க்கும். செடியைப் பையில் இறுகக் கட்டி அகற்றுங்கள். மண்ணையும் கூடவே அகற்றி, சாடியைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, வெயிலில் காயவிடுங்கள்.