யுனிவர்சல் ஸ்டுடியோஸ் சிங்கப்பூரில் கூட்டம் அலைமோதினால் என்ன செய்வது?

2024 ஜூலை 8, திங்கட்கிழமை. காலை 10.20. சிங்கப்பூரின் செந்தோசா தீவில், யுனிவர்சல் கேளிக்கைப் பூங்காவின் அந்தச் சுழலும் உருண்டைக்கு முன்னால் நாங்கள் நாலு பேர் நிற்கிறோம். கண்ணுக்கு எட்டிய வரை தலைகள்தான். வார நாள், அரசு விடுமுறை கிடையாது, காலியாக இருக்கும் என்று நம்பி ஆறு மாதம் சேர்த்த பணத்தில் வந்திருந்தோம். மதியம் ஒரு மணி வரை இரண்டே ரைடுதான் போக முடிந்தது. எட்டு வயது மகள் வரிசையிலேயே அழுதுவிட்டாள். அதற்கப்புறம் கணவரும் நானும் உட்கார்ந்து பேசி, திட்டத்தை அப்படியே மாற்றினோம். மாலைக்குள் இன்னும் ஐந்து ரைடு, ஒரு ஷோ.

அடுத்த ஆண்டு ஜூனில் நாத்தனார் குடும்பத்தோடு மறுபடி போனோம், அதுவும் சனிக்கிழமை. கூட்டம் அதே அளவுதான், ஆனால் யாரும் அழவில்லை. இரண்டு தடவையும் கற்றதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். விசா, விமானம், தங்குமிடம் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் பூங்கா வாசலிலிருந்து தொடங்குகிறேன். ஆனால் முதல் படி மட்டும் வீட்டிலேயே செய்ய வேண்டியது.

படி 1: சரியான நாட்காட்டியைப் பாருங்கள்

நான் தடுக்கி விழுந்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

தேதி குறிக்கும்முன் சிங்கப்பூரின் அரசு விடுமுறைப் பட்டியலைப் பார்த்தேன். ஜூலையில் ஒன்றும் இல்லை. நான்கு வார ஜூன் பள்ளி விடுமுறையும் முடிந்திருந்தது. பயண முகவரும் "திங்கள்தானே மேடம், தாராளமா போங்க" என்றார். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற, சிங்கப்பூரின் ஈசூன் பகுதியில் வசிக்கும் தமிழ்க் குடும்பத்தில் ஒரு அம்மாதான் விஷயத்தைச் சொன்னார்: "நேத்து இளையர் தினம்க்கா. அதுக்கு இன்னிக்கு ஸ்கூல் லீவு."

ஜூலை மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே இளையர் தினம். மறுநாள் திங்கள் பள்ளிகளுக்கு விடுமுறை, ஆனால் அலுவலகங்களுக்குக் கிடையாது. அதனால் அரசு விடுமுறைப் பட்டியலில் அது வரவே வராது. செப்டம்பர் தொடக்கத்து ஆசிரியர் தின வெள்ளியும், அக்டோபர் தொடக்கத்துச் சிறுவர் தின வெள்ளியும் (இது தொடக்கப் பள்ளிகளுக்கு மட்டும்) இதே மாதிரிதான். நீங்கள் பார்க்க வேண்டியது சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு வெளியிடும் பள்ளி நாட்காட்டியை. அடுத்த ஆண்டுக்கான தேதிகளையும் முன்கூட்டியே போட்டுவிடுகிறார்கள். மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒரு வாரம், ஜூனில் நான்கு வாரம், நவம்பர் பிற்பாதி முதல் டிசம்பர் முடிய ஆறு வாரம் என்று பெரிய விடுமுறைகளும் அதிலேயே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அரசு விடுமுறை வந்தால் அதற்கு ஈடாகத் திங்கள் விடுமுறை தருவார்கள் என்பதையும் மறக்காதீர்கள். 2026-இல் விசாக தினம் மே 31, ஞாயிறு. எனவே ஜூன் 1 திங்கள் விடுமுறை. நம்மூர்ப் பள்ளி விடுமுறையில் போகிற குடும்பங்கள் சரியாக அந்த வாரத்தில்தான் போய் மாட்டுவார்கள்.

பக்கத்து நாடுகளையும் ஒரு பார்வை பாருங்கள். இந்தோனேசியப் பள்ளிகளின் ஆண்டு விடுமுறை ஜூன் பிற்பாதியில் தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரை நீளும். எங்கள் திங்களில் இதுவும் சேர்ந்துகொண்டது என்று பிறகு புரிந்தது.

தேதியை மாற்ற முடியாத நிலை என்றாலும் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். கூட்டம் இருக்கும் என்று தெரிந்து போவதும், தெரியாமல் போய் நிற்பதும் ஒன்றல்ல. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

படி 2: பிள்ளைகளின் உயரத்தைச் சுவரில் அளந்துகொள்ளுங்கள்

ஏறுவதற்குக் குறைந்தபட்ச உயரம் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்கு 102 செ.மீ., மம்மி ரோலர் கோஸ்டருக்கு 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர் கோஸ்டருக்கு 125. உயரம் போதாத பிள்ளையோடு ஒரு மணி நேரம் நின்று, ஏறும் இடத்தில் திரும்பி வருவதைப் போல நெஞ்சை உடைப்பது வேறில்லை. எங்கள் மகள் 124. ஒரே ஒரு சென்டிமீட்டர்! வீட்டிலேயே அளந்திருந்ததால் கலாக்டிகா கிடையாது என்று அவளுக்கு முதலிலேயே தெரியும், சமாதானமும் ஆகியிருந்தாள்.

படி 3: எக்ஸ்பிரஸ் பாஸ் வேண்டுமா?

நுழைவுச்சீட்டு வேறு, பொது வரிசையில் நிற்காமல் விரைவு வரிசையில் போக வாங்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் வேறு. நாளுக்கு நாள் விலை மாறும், கூட்டமான நாளில் ஏறும். ஒரு ரைடுக்கு ஒரு முறை போகிற வகையும், எத்தனை முறை வேண்டுமானாலும் போகிற வகையும் உண்டு. ஒரு முறை வகையே தாராளம். இரண்டாம் தடவை ஏற மாலையில் எப்படியும் வரிசை சுருங்கும்.

குடும்பத்தில் எல்லோருக்கும் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. 100 செ.மீ.கூட இல்லாத குழந்தைக்கு வாங்கினால் அது ஏறக்கூடிய ரைடுகளே குறைவு. ரோலர் கோஸ்டர் பக்கமே போகாத பாட்டிக்கும் தேவையில்லை. பள்ளி நாட்காட்டி விடுமுறை என்று காட்டினால் முதல் நாளே வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் காலை 11 மணி வரை நிலவரத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

படி 4: வாசலைத் தாண்டியதும் பத்து நிமிடம் உட்காருங்கள்

நாளைக் காப்பாற்றியது இதுதான். கூட்டத்தைப் பார்த்ததும் கால் தானாக ஓடும். எல்லோரும் ஓடுகிற திசையில் நாமும் ஓடுவோம். முதல் தடவை அப்படித்தான் ஓடி, 100 நிமிடம் என்று பலகை காட்டிய வரிசையில் போய் நின்றோம்.

இரண்டாம் தடவை நிழலில் உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: "இன்னிக்கு ஒண்ணே ஒண்ணுதான் கிடைக்கும்னா எது வேணும்?" மகளுக்கு மம்மி. ஐந்து வயது மகனுக்கு மினியன். கணவருக்கு கலாக்டிகா. எனக்கு வாட்டர்வேர்ல்ட் ஷோ. இந்த நான்கும் நடந்தே ஆக வேண்டும், மற்றதெல்லாம் கிடைத்தால் போனஸ். பட்டியல் இவ்வளவு சிறியதானதும் மனம் லேசாகிவிடுகிறது. ஒரு ரைடை விட்டுக்கொடுக்கும்போது யாருக்கும் கோபமும் வரவில்லை.

பிள்ளைகளுக்கு முன்னால் "இவ்வளவு காசு கொடுத்து வந்து" என்று ஆரம்பிக்காதீர்கள். நான் ஆரம்பித்தேன். மகள் அழுதது வரிசையால் அல்ல, அந்தப் பேச்சால்தான் என்று இரவில் அவளே சொன்னாள்.

படி 5: வரிசையின் நீளத்தைவிட வேகத்தைப் பாருங்கள்

ஒரு தடவைக்குக் கொஞ்சம் பேரை மட்டும் ஏற்றும் ரைடுகளின் வரிசை சின்னதாகத் தெரிந்தாலும் நகராது. பூங்காவின் லாஸ்ட் வேர்ல்ட் பகுதியில் உள்ள கேனபி ஃபிளையர் அப்படி. ஒரு வண்டியில் சில பேர்தான், பறப்பதும் கொஞ்ச நேரம்தான். போக வேண்டும் என்றால் காலையில் முதல் வேலையாகப் போங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஷ்ரெக் 4-டி மாதிரியான அரங்குகளிலோ ஒரே தடவையில் பெருங்கூட்டத்தை உள்ளே விடுவார்கள். வெளியே எவ்வளவு பேர் நின்றாலும் பயப்பட வேண்டாம்.

பூங்கா ஒரு குளத்தைச் சுற்றி வட்டமாக இருக்கிறது. ஹாலிவுட் என்ற பகுதி வழியாக உள்ளே வந்தால் வலப்பக்கம் நியூயார்க் பகுதி, அதைத் தாண்டி சை-ஃபை சிட்டி, அப்புறம் எகிப்து. காலை 11 முதல் 4 வரை பெரிய ரைடுகளை மறந்துவிட்டு ஷோ, சாப்பாடு, புகைப்படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவற்றைத் திறந்த முதல் ஒரு மணி நேரத்திலும் கடைசி ஒன்றரை மணி நேரத்திலும் போங்கள்.

காத்திருப்பு நேரத்துக்குப் பூங்காவின் செயலியே போதும், பூங்காவுக்குள் பலகைகளும் உண்டு. போவதற்கு முன்பு வீட்டில் பார்க்க எனக்குப் பிடித்தது கியூ-டைம்ஸ் என்ற இணையதளம். போன வருடம் அதே வாரத்தில் வரிசை எப்படி இருந்தது என்று பார்க்கலாம். கூட்டத்தைக் கணித்துச் சொல்லும் மற்ற தளங்களைவிட, நடந்ததைக் காட்டும் இதைத்தான் நம்புவேன்.

படி 6: சிங்கிள் ரைடர் வரிசை

டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி, கலாக்டிகா மூன்றிலும் தனியாக வருபவர்களுக்கென ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். வண்டியில் காலியாகிற ஒற்றை இருக்கையில் ஏற்றிவிடுவார்கள். கூட்டமான நாளில் பெரியவர்களுக்கு இதைப் போல வரம் கிடையாது. கணவர் கலாக்டிகாவுக்கு இருபது நிமிடத்தில் ஏறி வந்தார், பொது வரிசை எழுபது காட்டியது. சேர்ந்து உட்கார முடியாது என்பது மட்டும்தான் குறை. துணையோடுதான் ஏற வேண்டிய உயரத்தில் உள்ள பிள்ளைகளை இதில் விடமாட்டார்கள்.

சின்னப் பிள்ளை இருந்தால் இன்னொரு வழி: ஒருவர் பிள்ளையோடு காத்திருக்க மற்றவர் ஏறிவிட்டு வந்து, பிறகு மாறிக்கொள்ளலாம். இரண்டாமவர் முதலிலிருந்து நிற்க வேண்டாம். வரிசையில் நுழையும்போதே ஊழியரிடம் கேட்டுவிடுங்கள், ஏறும் இடம் வரை போய்க் கேட்காதீர்கள்.

மம்மிக்கும் கலாக்டிகாவுக்கும் பையை லாக்கரில் வைக்க வேண்டும். ஏறாத ஒருவர் பையைப் பிடித்துக்கொண்டால் அந்த நேரமும் மிச்சம்.

படி 7: இடி இடித்தால்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. பக்கத்தில் மின்னல் அபாயம் என்றால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். பாதுகாப்புக்காக, சரியான முடிவுதான். ஆனால் அந்த நிமிடமே மொத்தக் கூட்டமும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி போன்ற கூரைக்குள் இருக்கும் ரைடுகளுக்குத் திரும்பும். நாற்பது நிமிட வரிசை கண்ணெதிரே தொண்ணூறு ஆகும்.

எனவே வானம் தெளிவாக இருக்கும்போதே திறந்தவெளி ரைடுகளை முடித்துவிடுங்கள். உள்ளரங்கு ரைடை மழைக்கு என்று சேமித்து வைக்கலாமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஊரே அப்படி நினைப்பதால் அது பலிக்காது. மழை தொடங்கினால் சாப்பிடப் போங்கள். மழை விட்டதும் மற்றவர்கள் உள்ளேயே இருப்பார்கள். வெளி ரைடுகள் மறுபடி ஓடத் தொடங்கும் அந்த முதல் கால் மணி நேரம் பொன்னானது. எங்கள் முதல் பயணத்தின் இரண்டாம் பாதி உருப்பட்டது அப்படித்தான்.

கைபேசியில் வருகிற பொதுவான வானிலைக் கணிப்பு அங்கே உதவாது. தினமும் இடிமழைப் படம்தான் போட்டிருக்கும். சிங்கப்பூர் அரசின் மைஎன்வி செயலியில் மழை மேகம் எங்கே நகர்கிறது என்று வரைபடமாகவே தெரியும். பிற்பகல்தான் மழை என்றும் நினைக்காதீர்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராவிலிருந்து கிளம்பும் புயற்காற்று மழை விடியற்காலையிலோ முற்பகலிலோ வந்து அடித்துவிட்டுப் போகும்.

மழைக்கோட்டை ஊரிலேயே வாங்கிப் போங்கள். ஜுராசிக் பார்க் தண்ணீர் ரைடுக்கும் அதுவே உதவும்.

படி 8: சாப்பாடும் வெளியே போய் வருவதும்

11 மணிக்கே சாப்பிடுங்கள். 12.30-க்குப் போனால் ரைடு வரிசை அளவுக்கு அங்கேயும் நிற்க வேண்டும். எகிப்துப் பகுதியின் ஒயாசிஸ் ஸ்பைஸ் கஃபேயில் நம் நாவுக்கு ஒத்துவரும் சாப்பாடு உண்டு. தண்ணீர் பாட்டில் கொண்டுபோகலாம், குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம்.

கையில் முத்திரை வாங்கிக்கொண்டால் அதே நாளில் வெளியே போய்த் திரும்பலாம். பிள்ளைகள் சோர்ந்துவிட்டால் மதியம் இரண்டு மணி நேரம் வெளியே வந்துவிடுங்கள். மகன் ஏசியில் தூங்கி எழுந்து, நாலரைக்குப் புது ஆளாக உள்ளே வந்தான்.

வாசகர்கள் எழுதியதால் சேர்த்தவை

ஒரு தோழி அக்டோபரில் போய், மாலை வரை இருக்கலாம் என்று நம்பி ஏமாந்திருக்கிறார். செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் தொடக்கம் வரை குறிப்பிட்ட இரவுகளில் ஹாலோவீன் திகில் நிகழ்ச்சி நடக்கும். அதற்குத் தனி டிக்கெட். அந்த நாட்களில் பகல் டிக்கெட்காரர்களுக்குப் பூங்கா சீக்கிரமே மூடிவிடும். "கடைசி ஒன்றரை மணி நேரம்" என்று நான் சொன்னதை அந்த நாளின் மூடும் நேரத்திலிருந்து கணக்கிடுங்கள்.

மடகாஸ்கர் பகுதியைத் தேடியவர்களுக்கு: அது இப்போது இல்லை. அந்த இடத்தில் 2025 பிப்ரவரி 14 அன்று மினியன் லேண்ட் திறந்தது. எங்கள் ஜூன் பயணத்தில் காலைக் கூட்டம் நேராக இடப்பக்கம் திரும்பி அங்கேதான் ஓடியது. நாங்கள் வலப்பக்கம் போய் மம்மியை முடித்துவிட்டு, மினியனுக்கு மாலை ஆறு மணிக்கு வந்தோம். மகனை அதுவரை சமாளிக்க ஒரு மஞ்சள் தொப்பி தேவைப்பட்டது.

திரும்பும் வழி கேட்டவர்களுக்கு: மூடும் நேரத்தில், அக்கரையில் இருக்கும் விவோசிட்டி வணிக வளாகத்துக்குப் போகும் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு நீண்ட வரிசை நிற்கும். பிள்ளைகளுக்கு நடக்கத் தெம்பு இருந்தால் பக்கத்திலேயே இருக்கும் கடல்மேல் நடைபாதை வழியாக நடந்துவிடுங்கள். கட்டணம் கிடையாது, காற்று நன்றாக வரும். எங்கள் இரண்டு பிள்ளைகளும் அன்று ஏறிய ரைடுகளை எண்ணிக்கொண்டே அக்கரை வரை நடந்தார்கள்.